சட்டமன்றத்துக்கென்று ஓர் எழுதுகோல்: மசோதா வரைவு அலுவலகத்துக்கான வாதம்

இந்தியாவில் சட்டமன்றத்துக்கென்று தனிச் செயலகம் பிறந்த நாள் 1929 ஜனவரி 10. அதற்கு முன் மத்திய சட்டசபையின் ஊழியர்கள் அரசின் சட்டமியற்றும் துறைக்கு உட்பட்டவர்கள். உறுப்பினர் அரசை எதிர்த்து எவ்வளவு உரக்கப் பேசினாலும், அவருடைய தீர்மானத்தின் மீது குறிப்பெழுதுபவரின் சம்பளமும் பதவி உயர்வும் அதே அரசின் கையில் இருந்தன. இந்த நிலையை ஏற்க மறுத்தவர் சபைத் தலைவர் விட்டல்பாய் படேல். 1928 செப்டம்பர் 22 அன்று தனித்துறை கோரி மோதிலால் நேரு முன்மொழிந்த தீர்மானம் நிறைவேறியது. சில மாதங்களில் தலைவரின் நேரடி அதிகாரத்தின்கீழ் தனித்துறை அமைந்தது. பின்னர் அரசியலமைப்பின் 98ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கும், 187ஆவது பிரிவு மாநிலச் சட்டமன்றங்களுக்கும் இதை உறுதிசெய்தன.

அந்த விடுதலை பாதியில் நின்றுவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம். செயலகம் சபையின் பக்கம் வந்தது. மசோதா எழுதத் தெரிந்தவர் அரசின் பக்கமே தங்கிவிட்டார். டெல்லியில் சட்ட அமைச்சகத்தின் சட்டமியற்றும் துறையும், மாநிலங்களில் சட்டத் துறையும்தான் மசோதா வரைவதைத் தொழிலாகக் கொண்ட இடங்கள். அவை அமைச்சர்களுக்காக எழுதுபவை. எதிர்க்கட்சி உறுப்பினரும், ஆளுங்கட்சியின் பின்வரிசை உறுப்பினரும் தமக்கென எழுதுபவர் இல்லாமல்தான் அவைக்குள் நுழைகிறார்கள்.

அதே 1929இல் நடந்த இரண்டு நிகழ்வுகளை இங்கே நினைக்க வேண்டும். சென்னை மாகாணச் சட்ட மேலவையில் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி கொண்டுவந்த திருத்தம் நிறைவேறியது; கோயில் சேவைக் கடமையிலிருந்து தேவதாசிகளின் மானிய நிலங்களை விடுவித்த திருத்தம் அது. மத்திய சபையில் ஹர் பிலாஸ் சார்தாவின் குழந்தை மணத் தடை மசோதா சட்டமானது. இருவருமே அரசைச் சேராத உறுப்பினர்கள். குடியரசு ஆன பிறகோ, நாடாளுமன்றத்தில் சட்டமான தனிநபர் மசோதாக்கள் மொத்தம் 14. கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970இல். இந்தச் சரிவுக்கு வரைவாளர் இல்லாமை மட்டும் காரணமன்று. கட்சிப் பெரும்பான்மையும் கொறடாவின் ஆணையும் பெரிய காரணங்கள். ஆனாலும் எழுதும் திறன் ஒரு பக்கத்தில் மட்டும் குவிந்திருப்பதை இயல்பான நிலை என்று விட்டுவிட முடியாது.

மசோதா என்பது நல்லெண்ணத்தின் அறிவிப்பு அல்ல. குடிநீர் வணிகத்தை ஒழுங்குபடுத்த நினைக்கும் உறுப்பினரை எடுத்துக்கொள்வோம். பொருள் மாநிலப் பட்டியலில் வருமா, பொதுப் பட்டியலில் ஏற்கெனவே உள்ள மத்தியச் சட்டத்தோடு மோதி 254ஆவது பிரிவின்படி செல்லாமல் போகுமா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு வரையறைகள். ‘குடிநீர் வணிகர்’ என்பதில் லாரி உரிமையாளர் அடங்குவாரா, கேன் போடும் சிறு கடைக்காரரும் அடங்குவாரா? ஒரு சொல்லை விரித்தால் ஆயிரக்கணக்கானோர் குற்றவாளிகளாவார்கள். சுருக்கினால் யாரைப் பிடிக்க நினைத்தோமோ அவர்களே தப்புவார்கள். தண்டனை, மேல்முறையீடு, விதி வகுக்கும் அதிகாரம், பழைய உரிமங்களுக்கான காப்புப் பிரிவு எல்லாம் அடுத்தடுத்து வரும். தொகுப்பு நிதியிலிருந்து செலவு வருமென்றால் 207ஆவது பிரிவின்படி ஆளுநரின் பரிந்துரையில்லாமல் மசோதா நிறைவேறாது. இவ்வளவையும் வெள்ளை வேட்டியோடு தொகுதி முழுக்க அலையும் ஒருவர் இரவில் உட்கார்ந்து எழுதிவிடுவார் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

மாநிலங்களவை உறுப்பினராகத் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா இதற்கு அருமையான சான்று. 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை அதை ஏற்றது; நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்த அவை ஏற்ற முதல் தனிநபர் மசோதா அது. ஆனால் சட்டமானது அதுவன்று. அரசு 2016இல் தன் மசோதாவைக் கொண்டுவந்தது; அது காலாவதியானபின் 2019இல் மறுபடி கொண்டுவந்து நிறைவேற்றியது. மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் பெற வேண்டும் என்ற அதன் ஏற்பாட்டைத் திருநர் சமூகம் கடுமையாக எதிர்த்தது. ஒரு திருநரின் தன்னடையாளம் அவர் சொல்லில் நிற்பதா, அலுவலக முத்திரையில் நிற்பதா என்பது இரண்டு மூன்று வரிகளில் முடிவாகிவிடுகிறது. அந்த வரிகளை எழுதுபவர் யார், மாற்று வரியை அதே துல்லியத்தோடு எழுதித் தர யார் இருக்கிறார்கள் என்று கேட்பது அதனால்தான்.

இக்கேள்விக்கு முதலில் விடை தேடிய இடங்களில் ஒன்று அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம். 1901இல் அங்கே சார்லஸ் மெக்கார்த்தி என்ற வரலாற்று ஆய்வாளரின் பொறுப்பில் சட்டமன்ற உசாத்துணை நூலகம் தொடங்கியது. பிற மாநிலச் சட்டங்கள், நீதிமன்றத் தீர்ப்புகள், நாளிதழ் நறுக்குகள் எல்லாவற்றையும் அவர் பொருள்வாரியாகச் சேர்த்தார். விரைவில் வரைவுப் பணியும் அங்கே வந்து சேர்ந்தது. உறுப்பினர் கையெழுத்திட்ட எழுத்துக் கோரிக்கை இல்லாமல் எதையும் வரையக் கூடாது, மசோதாவின் உள்ளடக்கத்துக்கு வரைவாளர் யோசனை சொல்லக் கூடாது என்று மெக்கார்த்தி விதி வகுத்தார். அது கடினமான விதி. அறிவுள்ள மனிதரிடம் அறிவை அடக்கிக்கொள்ளச் சொல்கிறது. ஆனால் அந்த அடக்கம் இல்லாவிட்டால் வாக்குப் பெறாத ஒருவர் மறைவிலிருந்து ஆளத் தொடங்கிவிடுவார்.

மெக்கார்த்தி அவ்வாறு ஆளுகிறார் என்றே எதிரிகள் குற்றம் சாட்டினர். அவர் முற்போக்கு அணியின் ஆதரவாளர் என்பது ஒளிவுமறைவில்லாத செய்தி. 1912இல் வெளிவந்த அவருடைய நூலே அதைப் பறைசாற்றியது. எமானுவேல் பிலிப் அந்த அலுவலகத்தை ஒழிப்பதாகச் சொல்லி 1914 தேர்தலில் ஆளுநர் பதவியை வென்றார். பதவியேற்று அதன் வேலையை அருகிலிருந்து பார்த்தபின் ஒழிக்காமல் விட்டார். அதே அலுவலகத்தின் வழிவந்த பணியகம்தான் இன்றும் அம்மாநிலத்தின் மசோதாக்களை வரைகிறது. கோரிக்கைகளின் இரகசியத்தைக் காப்பது அதன் சட்டக் கடமை. நடுநிலை என்பது அலுவலரின் உள்ளத்தில் விருப்பு வெறுப்பே இல்லை என்று பொருள்படாது. பிடிக்காத மசோதாவையும் பிடித்த மசோதாவுக்குக் காட்டும் அதே கவனத்தோடு எழுதித் தருவதுதான் நடுநிலை. சரிபார்க்கக் கூடியதும் அதுவே.

அலுவலகம் அமைத்தால் மட்டும் போதாது, அதை உடைக்க முடியாதபடி அமைக்க வேண்டும். அமெரிக்கக் காங்கிரஸ் 1972இல் உருவாக்கிய தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் உலகம் முழுதும் பாராட்டப்பட்டது. 1995இல் புதிய பெரும்பான்மை அதற்கு நிதி மறுத்தது, அத்தோடு முடிந்தது. காங்கிரஸ் ஆய்வுச் சேவை 2012 செப்டம்பரில் வெளியிட்ட உயர் வருமான வரி பற்றிய அறிக்கை, செனட்டின் குடியரசுக் கட்சியினர் எதிர்த்ததும் திரும்பப் பெறப்பட்டது. தேர்தல் முடிந்தபின் டிசம்பரில்தான் மறுபடி வந்தது. நூறாண்டுப் பழமையை நெருங்கிய நிறுவனத்துக்கே இந்த நிலை.

ஆகவே தமிழ்நாட்டிலோ வேறு மாநிலத்திலோ இத்தகைய அலுவலகம் வருமென்றால், அரசாணையால் வரக் கூடாது. 187ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு செயலகப் பணியாளர் நியமனத்தையும் பணி நிபந்தனைகளையும் சட்டமன்றமே சட்டத்தால் ஒழுங்குபடுத்த இடம் தருகிறது. நாடாளுமன்றம் தனக்குரிய இதே அதிகாரத்தைப் பயன்படுத்தாமல் 1950களின் விதிகளிலேயே இன்னும் நிற்கிறது. மாநிலங்கள் முந்திக்கொள்வதில் தவறில்லை. தலைமை வரைவாளரைப் பேரவைத் தலைவர் தனியே நியமிக்கக் கூடாது. அவரும் ஆளுங்கட்சியின் வேட்பாளராக வென்றவரே. அவரும் எதிர்க்கட்சித் தலைவரும் உடன்பட்டால்தான் நியமனம், மாறாத பதவிக்காலம், அவையின் சிறப்புப் பெரும்பான்மையால் மட்டும் நீக்கம் என்பது என் பரிந்துரை. உறுப்பினரின் கோரிக்கையும் வரைவும் இரகசியம். ஆய்வுக் குறிப்புகள் மட்டும் எல்லோருக்கும் பொதுவாக வெளியாக வேண்டும்; ஒரு கட்சிக்கு மட்டும் கிடைக்கும் ஆய்வு விரைவில் அக்கட்சியின் ஆயுதமாகிவிடும்.

இப்போது இந்த இடைவெளியைத் தனியார் அமைப்புகள் ஓரளவு நிரப்புகின்றன. 2005இல் தொடங்கிய பிஆர்எஸ் நிறுவனத்தின் மசோதா விளக்கங்கள் இல்லாமல் பல உறுப்பினர்களுக்கு விவாதத்துக்குப் பிடிமானமே இருக்காது. அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் சபையின் அடிப்படை வேலை நன்கொடையை நம்பி நிற்கலாகாது.

1985இன் கட்சித்தாவல் தடைச் சட்டம் இருக்கும்வரை இந்த அலுவலகத்தால் என்ன பயன் என்ற மறுப்புதான் வலிமையானது. கொறடா சொன்னபடி வாக்களிக்க வேண்டியவருக்கு வரைவு எதற்கு? வாக்கு கட்டுப்படுகிறது, வாதம் கட்டுப்படுவதில்லை. மசோதா அவைக்கு வருமுன் கட்சிக்குள்ளும், அமைச்சரின் அறையிலும், குழுவிலும் நடக்கும் பேச்சில் கையில் எழுதிய மாற்று வாசகம் வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் செவி வெறும் கோபம் வைத்திருப்பவருக்குக் கிடைக்காது. கேரளம் 1980இலேயே துறைவாரிப் பொருட்குழுக்களை அமைத்து மசோதாக்களை அவற்றுக்கு அனுப்பத் தொடங்கியது. பல மாநிலங்களிலோ மசோதா அறிமுகமாகி ஓரிரு நாட்களில் நிறைவேறிவிடுகிறது. அந்த அவசரத்தில் எந்த வரைவாளராலும் பெரிதாக உதவ முடியாது. குழுமுறை இல்லாத மாநிலத்தில் அதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

தொடக்கத்தில் முழு மசோதாக்களைக் காட்டிலும் திருத்தங்களுக்கே முதலிடம் தரலாம். அரசு மசோதா ஒன்று வந்ததும், எந்தக் கட்சி உறுப்பினர் கேட்டாலும் குறித்த நேரத்துக்குள் திருத்த வாசகம் தயாராக வேண்டும். உறுப்பினர் தமிழில் சொல்வதைக் கேட்டு, தமிழ் வாசகத்தையும், சட்டத்தில் மேலோங்கும் ஆங்கில வாசகத்தையும் ஒரே வரைவாளர் ஒருசேர எழுத வேண்டும். நான்கைந்து வரைவாளர்கள், இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள், ஒரு நூலகர் இருந்தால் முதல் கூட்டத்தொடரிலேயே வேலையைத் தொடங்கிவிடலாம்.