கேளாமற் கிடைத்த குடியாட்சி

முடியாட்சி வீழ்ந்த வரலாறுகளுட் பல குருதியால் எழுதப்பட்டவை. 1649ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் முதலாம் சாள்ஸ் மன்னரும், 1793ஆம் ஆண்டில் பிரான்சின் பதினாறாம் லூயி மன்னரும் முடியோடு தலையையும் இழந்தனர். மக்கள் உரிமை கேட்டனர், மன்னர் மறுத்தனர், பூசல் விளைந்தது. ஆனால், இமயமலையின் மடியிலே அமைந்த பூட்டான் என்னும் சிறு நாட்டிலே நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. அங்கே மன்னர் உரிமையை நீட்டினார். மக்கள் அதனை வாங்கத் தயங்கினர்.

பூட்டானின் முடியாட்சி மிகப் பழையதன்று. பதினேழாம் நூற்றாண்டிலே திபெத்திலிருந்து வந்த ஙவாங் நம்கியால் என்னும் துறவி, சிதறிக் கிடந்த பள்ளத்தாக்குகளை ஒரே நாடாக்கினார். சமய அலுவல்களுக்கு ஒரு தலைவர், உலகியல் அலுவல்களுக்கு மற்றொரு தலைவர் என இரட்டையாட்சி வகுக்கப்பட்டது. காலப்போக்கில் கோட்டைத் தலைவர்களின் போட்டியால் நாடு அல்லலுற்றது. அவர்களுள் வலிமை மிக்கவராய் உயர்ந்த உக்கியென் வாங்சுக்கை, 1907ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், புனாக்கா கோட்டையிலே கூடிய துறவிகளும் அதிகாரிகளும் ஊர்ப் பிரதிநிதிகளும் பரம்பரை மன்னராகத் தெரிந்தெடுத்தனர். அந்த முடி, உடன்படிக்கையொன்றினாற் சூட்டப்பட்ட முடியாகும்.

அம்மரபின் மூன்றாம் மன்னரான ஜிக்மே டோர்ஜி வாங்சுக் 1952ஆம் ஆண்டில் அரியணை ஏறினார். அடுத்த ஆண்டிலேயே தேசிய சபையொன்றை அவர் நிறுவினார். அடிமை முறையை ஒழித்தார். 1968ஆம் ஆண்டில், சபையின் முடிவுகளைத் தள்ளுபடி செய்யும் தமது அதிகாரத்தைத் தாமே கைவிட்டார். மன்னரையே பதவி நீக்கும் உரிமையும் சபைக்கு இருத்தல் வேண்டுமென வற்புறுத்தினார்.

1972ஆம் ஆண்டில் அவர் காலமானபோது, மைந்தர் ஜிக்மே சிங்கே வாங்சுக்குக்கு வயது 16. இளம் மன்னர் விரைவாகச் செல்லவில்லை. 1981ஆம் ஆண்டில் மாவட்டங்களிலும், 1991ஆம் ஆண்டில் ஊர்த் தொகுதிகளிலும் அபிவிருத்திக் குழுக்களை அமைத்து, மக்களைப் பொது அலுவல்களிற் பழக்கினார். 1998ஆம் ஆண்டில், நாள்தோறும் நடைபெறும் ஆட்சிப் பொறுப்பைத் தேசிய சபையால் தெரிவு செய்யப்பட்ட மந்திரிமாரிடம் ஒப்படைத்தார். 2001ஆம் ஆண்டில், பிரதம நீதியரசர் தலைமையில் 39 உறுப்பினர் கொண்ட குழுவை அமைத்து, அரசியல் யாப்பு வரையப் பணித்தார்.

2005ஆம் ஆண்டு இவ்வரலாற்றிலே குறிப்பிடத்தக்க ஆண்டு. அவ்வாண்டு பெப்ரவரியில், அயல்நாடான நேபாளத்திலே மன்னர் ஞானேந்திரா மந்திரி சபையைக் கலைத்து, அதிகாரம் அனைத்தையும் தம் கையிற் குவித்துக்கொண்டார். அடுத்த மாதமே பூட்டான் மன்னர் யாப்பு வரைவை மக்களின் பார்வைக்கு வெளியிட்டார். ஒரே மலைத்தொடரின் இரு மன்னர்கள், எதிர் எதிரான வழிகளிற் புறப்பட்டனர்.

யாப்பு வரைவைக் குறித்து மக்களின் கருத்தறியும் கூட்டங்கள் மாவட்டந்தோறும் நடைபெற்றன. மன்னரும் முடிக்குரிய இளவரசரும் அவற்றுக்குத் தாமே சென்றனர். அங்கே எழுந்த குரல்களுட் பெரும்பாலானவை, இந்த மாற்றம் வேண்டாம் என்றே மன்றாடின. நல்ல மன்னர் இருக்கையிலே கட்சிச் சண்டை எதற்கு என்பது அவர்தம் வினா. நேபாளத்தின் குழப்பமும் அவர்களை அச்சுறுத்தியது. மன்னர் கூறிய விடையோ எளியது. மன்னர் பிறப்பினால் வருபவர், தகுதியினால் தெரியப்படுபவரல்லர். இன்று நல்லவர் வாய்த்தார் என்பதற்காக, நாளையும் வாய்ப்பார் என்று ஒரு நாடு தன் கதியை ஒருவரிடம் விட்டுவிடலாகாது என்பதே அவ்விடையின் சாரம்.

2006ஆம் ஆண்டு டிசம்பரில், தம் 51ஆம் வயதில், அவர் அரியணையை மைந்தர் ஜிக்மே கேசர் நம்கியேல் வாங்சுக்கிடம் விட்டு அகன்றார். வாக்களித்தறியாத மக்களைப் பழக்குவதற்காக 2007ஆம் ஆண்டில் ஒத்திகைத் தேர்தல் நடந்தது. நீலம், பச்சை, சிவப்பு, மஞ்சள் என்ற நிறங்களே கட்சிகள். மரபைப் பேணுவதாகக் கூறிய மஞ்சள், 47 தொகுதிகளுள் 46இல் வென்றது. மஞ்சள், மன்னர் அணியும் சால்வையின் நிறம். வாக்குரிமை பெற்ற மக்கள், முதல் வாக்கை மன்னரின் நிறத்துக்கே அளித்தனர்!

2008ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் உண்மைத் தேர்தல் நடைபெற்றது. வாக்காளருள் ஏறத்தாழ நூற்றுக்கு 79 பேர் வாக்களித்தனர். 47 ஆசனங்களில் 45ஐ ஒரு கட்சியே கைப்பற்ற, ஜிக்மே தின்லே பிரதமரானார். எதிர்க்கட்சியில் அமர்ந்தோர் இருவர் மட்டுமே. ஜூலை 18ஆம் நாள் யாப்பு நிறைவேறியது. மன்னர் 65 வயதில் ஓய்வுபெறல் வேண்டும். பாராளுமன்றத்தின் முக்காற் பங்கினரும் பொதுமக்கள் வாக்கும் இசைந்தால் அவரை நீக்கவும் கூடும் என அது விதித்தது. அதே ஆண்டு மே மாதத்தில், மக்கள் கிளர்ச்சியால் அதிகாரமிழந்திருந்த ஞானேந்திராவின் முடியாட்சி நேபாளத்தில் அடியோடு ஒழிக்கப்பட்டது. கைவிட்டவரின் மரபு நிலைத்தது. பற்றிக்கொண்டவரின் மரபு மறைந்தது.

எனினும், இவ்வரலாற்றின் ஒளியை மட்டும் கூறி நிறுத்துதல் நேர்மையாகாது. பூட்டானின் தென்பகுதியிலே நேபாள மொழி பேசுவோர் நெடுங்காலமாக வாழ்ந்து வந்தனர். 1985ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், 1988ஆம் ஆண்டிலே தொடங்கிய குடிசன மதிப்பும், 1958ஆம் ஆண்டில் நாட்டில் வசித்தமைக்குச் சான்று காட்டுமாறு அவர்களைக் கேட்டன. சான்று காட்ட இயலாத பலர் பிறநாட்டார் எனக் குறிக்கப்பட்டனர். அவர்தம் மொழி பாடசாலைகளினின்றும் நீக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டில் கிளர்ச்சி எழ, அடக்குமுறை தொடர்ந்தது. நாட்டை நீங்கிக் கிழக்கு நேபாளத்து முகாம்களிலே அகதிகளாய் வாழ்ந்தோர் தொகை ஒரு இலட்சத்தைக் கடந்தது. முதற்றேர்தல் நடந்த அதே 2008ஆம் ஆண்டில், அவர்களை ஏற்றிய விமானங்கள் அமெரிக்கா முதலிய தூர தேசங்களுக்குப் புறப்படத் தொடங்கின. வாக்குச்சீட்டு வந்தபோது, அதனைப் பெறவேண்டிய கைகள் பல அங்கே இல்லை. முடியைத் துறந்த மன்னரின் ஆட்சிக் காலத்திலேயே இதுவும் நிகழ்ந்தது.

அதன் பின்னர், மன்னரின் நிறத்தை நாடிய மக்கள் வாக்கின் வலிமையை உணர்ந்தனர். 2013ஆம் ஆண்டில், இரண்டே ஆசனங்களோடு எதிரணியில் இருந்த கட்சி 32 ஆசனங்களை வென்று ஆட்சி அமைத்தது. 2018ஆம் ஆண்டிலும், 2024ஆம் ஆண்டிலும் ஆட்சி மீண்டும் கைமாறியது. மன்னரை வேண்டி நின்ற மக்கள், மந்திரிமாரை மாற்றக் கற்றனர்.

அதிகாரத்தைத் துறத்தல் அரிய செயல். பூட்டான் மன்னர் அதனைச் செய்தார். ஆயின், குடியாட்சியின் முதல் வினா, ஆள்பவர் யார் என்பதன்று. குடிகள் எனப்படுவோர் யாவர் என்பதே. முதல் வினாவுக்குப் பூட்டான் உலகம் வியக்கும் விடையை அளித்தது. மற்ற வினாவுக்குரிய விடையை, தூர தேசங்களிலே குடியேறியோரும், முகாம்களிலேயே தங்கிவிட்ட சில ஆயிரவரும் இன்னும் எதிர்பார்த்திருக்கின்றனர்.