மிஸ்ரு நாவலில் நான்கு சாட்சிகள்

அலீ (ரலி) அவர்களை யமன் நாட்டுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, வழக்காடுவோர் இருவருள் ஒருவர் சொல்லைக் கேட்டவுடன் தீர்ப்புரைத்துவிடாமல், மற்றவர் சொல்லையும் கேட்டறிந்த பின்னரே தீர்ப்பு வழங்குமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். வழக்கு மன்றத்துக்குரிய இந்த நெறியைக் கதை சொல்லும் கலையும் தன் வழியில் கண்டடைந்த வரலாறு ஒன்றுண்டு. அவ்வரலாற்றில் மிஸ்ரு நாட்டு எழுத்தாளர்களுக்குரிய இடத்தை ஈண்டு நாம் காண விழைகிறோம்.

காதலும் வஞ்சகமும், மணமும் மணவிலக்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் நாவல்களை நம் இல்லங்களில் தயக்கத்துடனேயே கையில் எடுக்கிறோம். அத்தயக்கம் காரணமற்றது என்று நாம் கூறமாட்டோம். தவற்றை இனிப்பாக்கிக் காட்டும் கதைகள் எம்மொழியிலும் உண்டு. ஆனால், தவறு செய்தவன், அதைக் கண்டவன், அதனால் துன்புற்றவன் என ஒவ்வொருவரையும் தனித்தனியே பேச வைத்து, தீர்ப்பை வாசகரிடம் விட்டுவிடும் நாவல்கள் வேறு வகையைச் சார்ந்தவை. அவற்றை வாசிப்பது பொழுதுபோக்கன்று. ஒருவகை நீதிப் பயிற்சியே ஆகும்.

பிறந்த வகை

ஆங்கிலேய எழுத்தாளர் வில்கி காலின்ஸ் சட்டம் பயின்றவர். 1860-ஆம் ஆண்டை ஒட்டி அவர் எழுதிய ‘வெள்ளுடைப் பெண்’ என்னும் நாவலில், சாட்சிகள் ஒருவர்பின் ஒருவராகக் கூண்டேறுவது போலக் கதைமாந்தர் தாம் கண்டதை மட்டும் கூறிச் செல்கின்றனர். 1922-இல் ஜப்பானிய எழுத்தாளர் அகுதாகாவா ஒரு கொலையைப் பற்றிய ஒன்றுக்கொன்று முரணான வாக்குமூலங்களைக் கொண்டே ஒரு சிறுகதை அமைத்தார். 1929, 1930-ஆம் ஆண்டுகளில் அமெரிக்கரான ஃபாக்னர், ஒரே குடும்பத்தின் துயரத்தைப் பல உள்ளங்களின் வழியே காட்டினார்.

இம்முறை மிஸ்ரு மண்ணோடு முதலில் தொடர்புற்றது ஓர் அயலவர் கையாலேயே. இரண்டாம் உலகப் போரின்போது இஸ்கந்தரிய்யாவில் பிரிட்டிஷ் அரசுப் பணியிலிருந்த லாரன்ஸ் டரல், 1957 முதல் 1960 வரை நான்கு நாவல்களை வெளியிட்டார். அவற்றுள் முதல் மூன்றும் ஒரே காலத்து நிகழ்ச்சிகளை வெவ்வேறு பக்கத்தினின்று நோக்குபவை. ஒன்றில் காதலாகத் தோன்றியது மற்றொன்றில் அரசியல் சூழ்ச்சியாக மாறிவிடும். அமைப்பில் வியக்கத்தக்க நூல்கள்தாம். எனினும் அந்நகரின் எளிய முஸ்லிம் மக்கள் அவற்றில் பெரும்பாலும் பின்புலமாகவே நின்றுவிட்டனர். அவர்களைப் பேச வைக்க அந்நாட்டார் எழுதுகோலே வேண்டியிருந்தது.

மிஸ்ரு மண்ணில்

பிற்காலத்தில் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதிப் புகழ்பெற்ற முஹம்மது ஹுசைன் ஹைகல், 1913-இல் ‘ஸைனப்’ என்னும் நாவலை எழுதினார். ஒரு கிராமத்துப் பெண்ணின் நிறைவேறாக் காதலைச் சொன்ன அதில், ஆசிரியரே யாவற்றையும் எடுத்துரைத்தார். நம் தமிழுலகிலும் 1885-இல் சித்திலெவ்வை அவர்கள் ‘அசன்பே சரித்திரம்’ எழுதியபோது, மிஸ்ரில் பிறந்த நாயகனின் கதையை ஒரே குரலில்தான் சொன்னார்கள். நன்மை எது, தீமை எது என்பதில் ஆசிரியருக்கும் வாசகருக்கும் வேறுபாடில்லை என்ற நம்பிக்கை நிலவிய காலம் அது.

1952-ஆம் ஆண்டுப் புரட்சி மிஸ்ரு சமுதாயத்தைப் புரட்டிப் போட்டது. மன்னராட்சி வீழ்ந்தது. நிலவுடைமைக்கு அவ்வாண்டில் 200 ஃபத்தான் என்றும், 1961-இல் 100 ஃபத்தான் என்றும் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. நேற்றைய பிரபு இன்று விடுதி அறையில் ஒதுங்கினார். நேற்றைய ஏழையின் மகன் இன்று அதிகாரியானான். 1960-இல் பத்திரிகைகள் அரசின் பிடிக்குள் வந்தன. நாளிதழ்கள் ஒரே குரலில் பேசத் தொடங்கிய காலத்தில், நாவல் பல குரல்களில் பேசத் தொடங்கியது. இது தற்செயலன்று என்றே நாம் கருதுகிறோம்.

தாமும் பத்திரிகையாளராகிய ஃபத்ஹீ கானிம், 1960-களின் தொடக்கத்தில் ‘நிழலை இழந்த மனிதன்’ என்னும் நாவலைப் படைத்தார். யூசுஃப் என்னும் பத்திரிகையாளனின் ஏற்றத்தை நால்வர் சொல்கின்றனர். முதற்குரல், வேலைக்காரியாக இருந்து யூசுஃபின் தந்தையை மணந்த கிராமத்துப் பெண் மப்ரூக்காவுடையது. அடுத்தது நடிகையாக விரும்பிய சாமியா. மூன்றாவது அவனைவிட மூத்த பத்திரிகையாளர் நாஜி. தன் ஏற்றத்துக்காக யார் யாரைக் கைவிட்டானோ அவர்களெல்லாம் பேசி முடித்த பின்னரே யூசுஃபுக்கு வாய் திறக்க இடம் கிடைக்கிறது.

மீராமார் விடுதி

நஜீப் மஹ்ஃபூஸ் 1967-இல் வெளியிட்ட ‘மீராமார்’ இவ்வகையின் சிறந்த எடுத்துக்காட்டு எனலாம். இஸ்கந்தரிய்யாக் கடற்கரையில் கிரேக்க மூதாட்டி மர்யானா நடத்தும் விடுதியே களம். எண்பது வயதைக் கடந்த பத்திரிகையாளர் ஆமிர் வஜ்தி கதையைத் தொடங்கி, அவரே முடித்தும் வைக்கிறார். இடையில் பேசுவோர் மூன்று இளைஞர்கள்: நிலவுடைமைக் குடும்பத்துச் செல்வன் ஹுஸ்னி அல்லாம், சிறைப்பட்ட தோழரின் மனைவியைக் காதலித்து, அவள் விடுதலை பெற்றதும் கைவிட்டுவிடும் வானொலி அறிவிப்பாளன் மன்சூர் பாஹி, பஞ்சாலைக் கணக்கு அலுவலனும் ஆளுங்கட்சி உறுப்பினனுமாகிய ஸர்ஹான்.

இவர்கள் அனைவரது பார்வையும் விடுதிப் பணிப்பெண் ஸுஹ்ராவைச் சுற்றியே வருகிறது. முதியவர் ஒருவருக்குத் தன்னை மணமுடிக்க முயன்ற பாட்டனாரிடமிருந்து தப்பி வந்த உழவர் வீட்டுப் பெண் அவள். உழைத்துச் சம்பாதிக்கிறாள், அச்சம்பாத்தியத்தில் ஆசிரியை ஒருத்தியை அமர்த்தி எழுதப் படிக்கக் கற்கிறாள். அவளை நேசிப்பதாகக் கூறிய ஸர்ஹான், மாதச் சம்பளம் பெறும் அந்த ஆசிரியையையே பெண் கேட்டுவிடுகிறான். பின்னர் அவன் சாலையில் பிணமாகக் கிடக்கிறான். தானே அவனைக் கொன்றதாக மன்சூர் நம்புகிறான். உண்மையில், ஆலை நூலைத் திருடும் சதி வெளிப்பட்டதால் ஸர்ஹான் தன்னைத் தானே மாய்த்துக் கொண்டான். நாட்டின் புதிய தலைவிதியைத் தாங்குவோராக விளம்பரப்படுத்தப்பட்ட வகுப்பின் உள்ளழுகலை, அவ்வாண்டு ஜூன் மாதப் போரின் தோல்வி வருவதற்கு முன்பே மஹ்ஃபூஸ் காட்டிவிட்டார்.

நாம் நின்று நோக்க வேண்டிய இடம் இனித்தான் வருகிறது. ஆடவர் நால்வருக்கும் பேச வாய்ப்பளித்த ஆசிரியர், ஸுஹ்ராவுக்கு ஓர் அத்தியாயமும் தரவில்லை. ஒருவன் அவளை இன்பப் பொருளாகக் காண்கிறான். ஒருவன் தன் குற்ற உணர்வுக்கு மருந்தாகக் காண்கிறான். ஒருவன் இலாப நட்டக் கணக்கில் வைக்கிறான். முதியவர் மட்டுமே மகளைப் போல் பரிவு காட்டுகிறார். அவரும் அவள் உள்ளத்தை முழுமையாக அறிந்தாரல்லர். எனவே அவர்களது சொற்கள் ஸுஹ்ராவைப் பற்றிச் சொல்வதைவிட, சொல்பவர்களைப் பற்றியே மிகுதியாகச் சொல்கின்றன.

1981-இல் மஹ்ஃபூஸ் எழுதிய ‘அஃப்ராஹுல் குப்பா’விலும் இதையே காண்கிறோம். ஒரு நாடகக் குழுவைச் சேர்ந்த நடிகர், தந்தை, தாய், நாடகம் எழுதிய மகன் ஆகிய நால்வர் ஒரே குடும்பத்தின் சீரழிவைக் கூறுகின்றனர். மகன் தன் மனைவி தஹிய்யாவைக் கொன்றான் என்று நடிகர் நம்புகிறார். மகனின் கூற்றை நாம் கேட்கும்போது, கொலை அவன் எழுதிய நாடகத்தில் மட்டுமே நிகழ்ந்தது என அறிகிறோம். மறைந்துபோன தஹிய்யாவுக்கோ அத்தியாயமில்லை. யூசுஃப் அல்கயீத் 1978-இல் எழுதிய ‘மிஸ்ரு மண்ணில் போர்’ நாவலிலும், ஊர்த்தலைவரின் மகனுக்குப் பதிலாகப் படைக்கு அனுப்பப்பட்டு உயிர்துறந்த ஏழை இளைஞனைப் பற்றிப் பிறரெல்லாம் பேசுகின்றனர், அவன் பேசுவதில்லை.

நமக்குரிய பாடம்

கற்புடைய பெண்மீது பழி கூறுவோர் நான்கு சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும் என்று திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் விதிக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது அவதூறு பரப்பப்பட்டபோது, செவிவழிச் செய்தியை நாவிலிருந்து நாவுக்கு மாற்றிய விசுவாசிகளையும் அவ்வத்தியாயம் கண்டித்தது. மஹ்ஃபூஸின் விடுதியிலும் பேசுவோர் நால்வர்தாம். ஆனால் அந்நால்வர் பேச்சையும் கேட்ட பின்னரும் ஸுஹ்ராவைக் குற்றவாளியாக்க வாசகருக்கு மனம் வருவதில்லை.

பல குரல் நாவல், உண்மை என்று ஒன்றில்லை எனக் கூறுவதாகச் சிலர் உரைப்பர். நாம் அவ்வாறு கொள்ளவில்லை. உண்மை உண்டு, ஆனால் தன்னலம் கொண்ட ஒரு நாவில் அது முழுதாகத் தங்குவதில்லை என்பதே இந்நாவல்கள் காட்டுவது. நம் ஊர்களிலும் ஒரு மணமுறிவு நேர்ந்தால், ஜமாஅத் கூடுமுன்பே திண்ணைகள் தீர்ப்புரைத்து விடுகின்றன. அத்தீர்ப்பில் எல்லாருடைய சொல்லும் இருக்கும். அந்தப் பெண்ணின் சொல் மட்டும் இராது.

‘மீராமார்’ முடிவுறும்போது, விடுதியை விட்டு வெளியேறும் ஸுஹ்ராவுக்கு ஆறுதல் கூறி அனுப்பிய முதியவர், அர்ரஹ்மான் அத்தியாயத்தை ஓத அமர்கிறார். தராசு நிறுவப்பட்டதையும், நிறுவையில் குறை செய்யலாகாது என்பதையும் நினைவூட்டும் அத்தியாயம் அது. பிறர் வாழ்வை எடைபோட நாம் துணியும் ஒவ்வொரு வேளையிலும், பேசாதவர் ஒருவர் எஞ்சியிருக்கிறாரா என்று கேட்டுக்கொள்வது நம் கடமை.