சிவனொளிபாத மலைப்பாதைகளின் இடப்பெயர்கள்: தொன்மமும் வழிநடையும்

ஆய்வுச் சுருக்கம்

இலங்கையின் சிவனொளிபாத மலைக்குச் செல்லும் யாத்திரைப் பாதைகளில் வழங்கும் இடப்பெயர்களையும் அவற்றோடு இணைந்த கதைகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது. மலையுச்சியின் பெயர் சமயத்திற்குச் சமயம் வேறுபட, பாதையின் பெயர்களோ பல சமயத்தாரும் ஒரே வழியில் நடந்த வரலாற்றைக் காத்து நிற்கின்றன என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: சிவனொளிபாதமலை, இடப்பெயராய்வு, யாத்திரை, வாய்மொழி மரபு, இபின் பதூதா

முன்னுரை

2,243 மீட்டர் உயரமுடைய சிவனொளிபாதமலை இலங்கையின் மத்திய, சப்ரகமுவ மாகாணங்களின் எல்லையில் அமைந்துள்ளது. உச்சிப் பாறையிலுள்ள அடிச்சுவட்டைப் பௌத்தர் புத்தருடையது என்பர். சைவர் சிவபெருமானுடையது என்பர். இசுலாமியர் ஆதி மனிதர் ஆதமுடையது என்பர். மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரையிலான பருவத்தில் அடியார்கள் மலையேறுகின்றனர். இன்று மலையேற்றப் பயணிகளும் அதே பாதைகளைப் பயன்படுத்துகின்றனர்.

பாதம் எவருடையது என்னும் விவாதம் உச்சியை மையமாகக் கொண்டது. பாதையிலுள்ள பெயர்களோ வேறு வினாக்களுக்கு விடை தருகின்றன. இவ்வழியே யார் நடந்தனர்? எங்கு இளைப்பாறினர்? எங்கு அஞ்சினர்?

மலையின் பெயர்

பாலி நூல்கள் இம்மலையைச் சமந்தகூடம் என்கின்றன. சிங்கள வழக்கில் இது சமனொள எனப்படும். சமன் என்னும் காவல் தெய்வத்தின் இருப்பிடமாகவும் போற்றப்படும். மணிமேகலையில் இம்மலை 'சமனொளி' எனக் குறிக்கப்படுகிறது. சிங்களப் பெயருக்கு ஒலியளவில் அணுக்கமான இவ்வடிவத்தையும் பிற்காலச் 'சிவனொளி' என்பதையும் ஒப்பிட்டால், சமன் என்னும் முன்னுறுப்பு சிவன் என மாறிப் புதிய பொருள் பெற்றது எனக் கருத இடமுண்டு.

சிங்கள மொழியில் வண்ணத்துப்பூச்சியைக் குறிக்கும் சொல் 'சமனலயா' ஆகும். வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாகப் பறந்து பாதத்தை வணங்கச் செல்கின்றன என்னும் நாட்டார் நம்பிக்கை இவ்வொலியொப்புமையோடு இணைந்தது. ஒரே ஒலி தெய்வத்தையும் உயிரினத்தையும் இறைவனையும் சுட்டும் வகையில் வெவ்வேறு மக்களால் விளங்கிக்கொள்ளப்பட்டுள்ளது.

பாபா வழியும் மாமா வழியும்

பாதைகளின் பெயரைப் பதிவு செய்தோருள் குறிப்பிடத்தக்கவர் மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா. 1344இல் இலங்கைக்கு வந்த அவர், உச்சிக்கு இரு வழிகள் உண்டென்றும் அவை பாபா வழி, மாமா வழி எனப்படும் என்றும் எழுதினார். இங்கு 'மாமா' தமிழின் உறவுப்பெயர் அன்று. பாபா என்பது ஆதமையும் மாமா என்பது ஏவாளையும் சுட்டும். மாமா வழி எளியது. யாத்திரிகர் திரும்பும் வழி அதுவே. அவ்வழியே ஏறுவோர் யாத்திரை செய்தவராகக் கருதப்படுவதில்லை. பாபா வழி செங்குத்தானது. ஏற்றத்தின் கடுமையையும் அதற்குரிய சமய மதிப்பையும் தந்தை, தாய் என்னும் பெயர்களே உணர்த்திவிடுகின்றன.

பாறையில் தொங்கவிடப்பட்ட பத்து இரும்புச் சங்கிலிகளையும் அவர் விவரிக்கிறார். பத்தாவது, கலிமாவின் சங்கிலி எனப்பட்டது. அங்கிருந்து கீழே நோக்குவோர் விழுந்துவிடுவோம் என்னும் அச்சத்தால் கலிமா ஓதுவர் என்பதே அவர் தரும் காரணம். பெயர் சமயத்தினுடையது, அது பிறந்த இடம் உடலின் அச்சம்.

இப்பயணத்திற்குத் துணைசெய்தவர் ஆரியச் சக்கரவர்த்தி என்பது தமிழக, ஈழ வரலாற்று ஆய்வாளருக்கு முக்கியமானது. புத்தளம் என அடையாளம் காணப்படும் துறையில் பதூதாவைச் சந்தித்த அம்மன்னர், பல்லக்கும் உணவு சுமப்போரும் அளித்ததோடு, ஆண்டுதோறும் மலைக்குச் செல்லும் வழக்கமுடைய நான்கு யோகியரையும் மூன்று அந்தணரையும் உடன் அனுப்பினார். ஓர் இசுலாமியப் பயணிக்குச் சைவ மரபினர் வழிகாட்டிய நிகழ்ச்சி இது.

ஊசி, நீலி, ஆண்டி

பாதையோர இடப்பெயர்களுள் மூன்று இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

முதலாவது இந்திகட்டுபான. சிங்களத்தில் 'இந்திகட்டு' என்பது ஊசியைக் குறிக்கும். புத்தர் தம் சீவர ஆடையைத் தைக்க இங்கு அமர்ந்தார் என்பது கதை. முதன்முறை மலையேறுவோர் ஊசியும் நூலும் கொண்டுவந்து, இவ்விடத்திலிருந்து நூலை இழுத்துச் செல்வது வழக்கம். கதை சடங்காக மாறியதால், பெயரின் பொருள் ஒவ்வொரு பருவத்திலும் புதுப்பிக்கப்படுகிறது.

இரண்டாவது, இரத்தினபுரி வழியிலுள்ள நீலிஹெல. 'ஹெல' என்பது செங்குத்துச் சரிவு. நீலி என்னும் பெண் இங்கு விழுந்து மாண்டாள் என்பர். நடப்போர் அவள் பெயரைக் கூவி அழைக்க, எதிரொலி மறுமொழியாகக் கேட்கும். இக்கதை நீலி என்பாள் வாழ்ந்ததற்குச் சான்றாகாது. பள்ளத்தின் ஆபத்தை வழிநடப்போர் நினைவில் நிறுத்திய முறைக்குச் சான்றாகும்.

மூன்றாவது, அதே வழியிலுள்ள ஆண்டியமலதென்ன. ஆண்டி இறந்த சமதளம் என்பது இதன் பொருள். இறந்தவர் பெயரோ ஊரோ மரபில் இல்லை. அவர் ஆண்டி என்பது மட்டுமே எஞ்சியுள்ளது. அச்சொல் தமிழ்ச்சொல். சிங்கள இலக்கண அமைப்புக்குள் தமிழ்த் துறவியின் மரணம் பதிந்துள்ளது. பதூதா குறிப்பிட்ட யோகியருள் ஒருவரே இவர் எனக் கூறுவதற்கில்லை. ஆயினும் அத்தகையோர் இம்மலைக்கு வந்து சென்றனர் என்னும் எழுத்துச் சான்றும், அவருள் ஒருவர் வழியில் மாண்டார் என்னும் இடப்பெயர்ச் சான்றும் ஒன்றையொன்று விளக்குகின்றன.

இவ்வழியின் துன்பத்தை அரசரும் அறிந்திருந்தனர். முதலாம் விசயபாகு (1055–1110) யாத்திரிகர் படும் இடரைக் கண்டு, கிலிமலை முதலிய ஊர்களின் வருவாயை அவர்தம் உணவுக்கு வழங்கியதைச் சூளவம்சம் கூறுகிறது. அம்பகமுவக் கல்வெட்டும் அவரது அறக்கொடையைப் பதிவு செய்கிறது.

நல்லதண்ணியும் புதிய பெயர்களும்

19ஆம் நூற்றாண்டில் மலையகத்தில் கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிடப்பட்டன. 1884இல் தொடருந்துப் பாதை ஹற்றனை எட்டியது. அதன்பின் மஸ்கெலியா வழியே செல்லும் வடபுறப் பாதை முதன்மை பெற்று, ஹற்றன் வழி எனப் பெயர் கொண்டது. அப்பாதை தொடங்கும் இடம் நல்லதண்ணி. தெய்வக்கதை எதுவும் தேவைப்படாத தூய தமிழ்ப்பெயர் இது. தோட்டத் தமிழரின் வாழிடத்தில் குடிநீரின் அருமையைச் சொல்வது. மேலே செல்லும் வழியில் யாத்திரிகர் நீராடும் ஓடை சீதகங்குல. சிங்களத்தில் 'சீத' என்பது குளிர்ச்சி. நாட்டார் வழக்கோ அதனைச் சீதையோடு இணைக்கிறது.

இன்றைய வழிகாட்டிகளில் ஹற்றன் வழி, இரத்தினபுரி வழி, குருவிட்ட–எரத்ன வழி என்னும் பெயர்கள் காணப்படுகின்றன. இவை புறப்படும் ஊரைச் சொல்கின்றன, நடந்தவரைச் சொல்வதில்லை.

முடிவுரை

தந்தையின் வழியாகவும் கலிமாவின் சங்கிலியாகவும் ஊசிக்கல்லாகவும் ஆண்டியின் இறப்பிடமாகவும் ஒரே மலைப்பாதை பெயர் பெற்றுள்ளது. உச்சியைத் தனியொரு மரபுக்கே உரியதாக்கும் கூற்றுகளைப் பாதையின் பெயர்கள் ஏற்பதில்லை. 2010இல் இம்மலையைச் சூழ்ந்த வனப்பகுதி உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. வனம் காக்கப்படும் அளவுக்குப் பெயர்களும் காக்கப்பட வேண்டும். 'ஆண்டியமலதென்ன' வெற்று ஒலிபெயர்ப்பாகச் சிதையுமானால், வழியில் மாண்ட அப்பெயரற்ற துறவிக்கு எஞ்சியுள்ள ஒரே நினைவுச்சின்னமும் அழியும். மூத்த யாத்திரிகர், தோட்ட மக்கள், வழிகாட்டுவோர் ஆகியோரின் வாய்மொழி வழக்குகளைப் பொருளோடும் கதையோடும் மும்மொழியிலும் தொகுப்பது இத்துறை ஆய்வாளர்முன் உள்ள கடமையாகும்.