சீப்புருத் தீவின் சிறுகப்பல்



சென்ற வாரம் வேதபாட வகுப்பில் அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது ஒரு வாலிபன் எழுந்து, "ஐயா, கப்பலுக்கு ஒரு சுக்கான்தானே இருக்கும்? லூக்கா ஏன் பன்மையில் எழுதுகிறார்? சுக்கானுக்குக் கட்டுகள் எதற்கு?" என்று கேட்டான். தெரிந்த அளவில் ஏதோ சொல்லி முடித்தேன். ஆயினும் அந்தப் பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நான் வாசித்த ஒரு சிறுகப்பலின் வரலாறு அன்றிரவு நினைவுக்கு வந்தது. அந்த வாலிபனுக்குத் தரவேண்டிய பதில் அதில்தான் இருக்கிறது. ஆகவே இந்த வாரம் அதையே எழுதுகிறேன்.

சீப்புருத் தீவின் வடகரையில் கிரீனியா என்னும் பழந்துறைமுகம் உண்டு. அவ்வூரைச் சேர்ந்த அந்திரேயாஸ் கரியோலு என்னும் மூழ்காளர், 1965-இல் கடலடியில் மண்சாடிகள் குவிந்து கிடப்பதைக் கண்டார். கண்ட இடத்தைக் கரையிலிருந்து குறித்துக்கொள்ள இயலாமல் தவறவிட்டு, நெடுநாள் தேடி மீண்டும் கண்டடைந்தார். ஏறத்தாழ 30 மீட்டர் ஆழம். பின்பு மைக்கேல் காட்செவ் என்னும் அமெரிக்கத் தொல்லியலாளரின் தலைமையில் 1968, 1969 ஆகிய ஆண்டுகளில் அகழாய்வு நடந்தது. கி.மு. 300-ஐ ஒட்டிய காலத்தில் மூழ்கிய ஒரு வணிகக் கப்பல் அது. நீளம் ஏறத்தாழ 14 மீட்டர். நானூறுக்குச் சற்றே குறைவான சாடிகள், அவற்றுள் பெரும்பாலானவை ரோது தீவினுடையவை, திரிகைக் கற்கள், ஆயிரக்கணக்கான வாதுமைக் கொட்டைகள். உண்கலன்கள் நான்கு நான்காகக் கிடைத்தமையால், அதில் பயணம் செய்தவர்கள் நால்வர் என்று கணித்தார்கள். பவுல் ஏறிச்சென்ற அலெக்சந்திரியாக் கப்பலில் 276 பேர் இருந்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார். அதனோடு ஒப்பிட்டால் இது ஒரு குடும்பப் படகு போன்றதே. கப்பலின் அடியில் இரும்பு ஈட்டிமுனைகள் சில அகப்பட்டன. கடற்கொள்ளையர் தாக்கியே கப்பல் அழிந்திருக்கும் என்று காட்செவ் கருதினார்.

சாடிகளின் அடியில் மண்ணுக்குள் புதைந்து, கப்பலின் மரமும் பாதிக்கு மேல் அழியாமல் இருந்தது. ஆனால் அது உடைந்து சிதறிய துண்டுகளாகவே கிடைத்தது. அத்துண்டுகளைச் சேர்த்து மறுபடியும் கப்பலாக்கியவரைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். அவர் பெயர் ரிச்சர்ட் ஸ்டெஃபி. பென்சில்வேனியா மாநிலத்தின் ஒரு சிற்றூரில் மின்சார வேலை செய்துவந்தவர். ஓய்வு நேரத்தில் கப்பல் மாதிரிகளைச் செய்துபார்ப்பவர். தொல்லியலில் பட்டம் பெற்றவரல்லர். தொழிலை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு கிரீனியாவுக்கு வந்தார். அங்குள்ள பழங்கோட்டைக்குள் அமர்ந்து, பதப்படுத்திய மரத்துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஆணித்துளையோடு ஆணித்துளையையும் விளிம்போடு விளிம்பையும் பொருத்தினார். முன்கூட்டியே ஒரு வடிவத்தை மனத்தில் வைத்துக்கொண்டு துண்டுகளை அதற்குள் திணிக்கவில்லை. துண்டுகள் காட்டிய வளைவையே பின்பற்றினார். வேதத்தைப் போதிக்கிறவர்களாகிய நாங்கள் இவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு என்று அடிக்கடி எண்ணிக்கொள்வேன்.

அவர் கண்ட கட்டுமுறை இக்காலத்தவருக்கு வியப்பானது. இன்று மரக்கலம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஏரா மரத்தைக் கிடத்தி, அதன்மேல் விலா எலும்புகளைப் போன்ற வங்குகளை நிறுத்தி, பிறகு பலகைகளை அறைவார்கள். எலும்பு முதலில், தோல் பின்பு. பழைய நடுநிலக்கடல் தச்சர்களோ தோலை முதலில் செய்தார்கள். பைன் மரப் பலகையின் விளிம்பில் உளியால் துளையிட்டு, கடினமான மரத்தில் செதுக்கிய கழுந்து ஒன்றை அதில் பாதி செருகி, மறுபாதியை மேற்பலகையின் துளைக்குள் இறக்கி, இரு பக்கமும் மரமுளை அடித்துப் பூட்டினார்கள். கையகல இடைவெளிக்கு ஒன்றாக இவ்வாறு ஆயிரக்கணக்கான பூட்டுகள். நீரில் இறங்கியதும் மரம் ஊதி, இடைவெளிகள் தாமே அடைபட்டன. கலப்பத்து வேலைக்குப் பெரிதாக இடமில்லை. உடல் எழுந்த பின்பே வங்குகளை உள்ளே வைத்துச் செம்பாணிகளால் இறுக்கினார்கள். ஆணியின் முனையை உட்புறத்தில் மடக்கி அடித்தார்கள். நம் சோழமண்டலக் கரையில் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகும் உடலையே முதன்மையாகக் கொண்டது. இங்கே கயிறு செய்த வேலையை அங்கே கழுந்து செய்தது.

இதன் பொருள் என்னவென்றால், வளைவு முழுவதும் தச்சனுடைய கண்ணில் இருந்தது. அவனுக்கு வழிகாட்ட வங்குகள் கிடையா. அது உண்மையாகவே கூடுமா? கூடுமானால் அக்கலம் கடலில் எப்படி நடந்துகொள்ளும்? ஏட்டில் எழுதி இதற்கு விடை காண இயலாது. கட்டித்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் 1974-இல் சீப்புரு இரண்டாகப் பிளந்தது. கிரீனியா வடபகுதியில் சேர்ந்தது. அங்கிருந்த கிரேக்க மக்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். கப்பல் கோட்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. கண்டெடுத்தவருடைய குடும்பமும் தெற்கே அகதிகளாய் வந்தது. எனவே அதன் மறுபடிவம் சீப்புருவில் அல்ல, கிரேக்க நாட்டின் பெராமா என்னும் கப்பல் கட்டும் துறையில் 1982-இல் உருவாகத் தொடங்கியது. ஹாரி ட்சாலாஸ் தொடங்கிய கடல்மரபுக் காப்பு நிறுவனம் பொறுப்பேற்றது. அளவுகள் ஸ்டெஃபியினுடையவை. கட்டியவர் மனோலிஸ் ப்சாரோஸ். வங்கு முதலில் நிறுத்தும் மரபில் வளர்ந்த தச்சர். வாழ்நாளெல்லாம் பழகிய வரிசையைத் தலைகீழாக்கி வேலை செய்யும்படி கேட்கப்பட்டார். கைத்தொழில் அறிந்தவர்களுக்கு அது எத்தனை கடினம் என்பது புரியும். 1985 ஜூனில் 'கிரீனியா 2' நீரில் இறங்கியது.

உடல் கிடைத்தது, பாய் எங்கே? துணியும் கயிறும் கடலில் என்றோ அழிந்துபோயின. மிஞ்சியவை முந்நூற்றுக்கும் மேற்பட்ட சிறு ஈய வளையங்கள். பாய்மரம் நடுவில் இல்லாமல் முன்புறம் தள்ளி ஊன்றப்பட்டிருந்ததற்கு அடையாளமும் இருந்தது. இவ்வளவை வைத்துக்கொண்டு பாயை மீட்டார்கள். பருமலிலிருந்து தொங்கும் அகன்ற நாற்கோணப் பாய். அதன் முகத்தில் வரிசை வரிசையாக ஈய வளையங்கள் தைக்கப்பட்டிருக்கும். பாயின் அடிவிளிம்பில் கட்டிய கயிறுகள் அவ்வளையங்களின் வழியே மேலேறி, பருமலைத் தாண்டிப் பின்னணியத்துக்கு வந்து சேரும். பின்னே நிற்பவன் கயிற்றை இழுத்தால், சாளரத் திரை சுருங்குவதுபோல் பாய் மேலே சுருங்கும். ஒரு பக்கத்தை மட்டும் சுருக்கவும் முடியும். ஒருவரும் பாய்மரத்தில் ஏறத் தேவையில்லை. நால்வர் மட்டும் அக்கலத்தை எப்படி நடத்தினார்கள் என்னும் கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது.

இனி அந்த வாலிபனின் கேள்விக்கு வருகிறேன். இக்கலத்துக்குப் பின்புறம் இரு பக்கமும் பக்கத்துக்கொன்றாய்ப் பெருந்துடுப்புகள் இரண்டு உண்டு. அவையே சுக்கான்கள். பின்னணியத்தின் நடுவில் பொருத்தப்படும் ஒற்றைச் சுக்கான் நடுநிலக்கடலுக்கு வந்து சேர்ந்தது இடைக்காலத்தில். பவுலின் கப்பலும் இரட்டைச் சுக்கான் கப்பலே. அன்றிரவு மாலுமிகள் பின்னணியத்திலிருந்து நான்கு நங்கூரங்களைப் போட்டார்கள் என்று 29-ஆம் வசனம் சொல்லுகிறது. அப்படிப் பின்னே கட்டுண்டு நிற்கும் கப்பலில் துடுப்புகள் நீரிலேயே கிடந்தால் அலை அவற்றை முறித்துவிடும். நங்கூரக் கயிறுகளிலும் சிக்கும். ஆகவே மேலே தூக்கிக் கட்டி வைத்திருந்தார்கள். விடிந்து, கரைநோக்கி ஓட்டத் தீர்மானித்தபோது, 40-ஆம் வசனத்தில் கட்டுகளைத் தளர்த்துகிறார்கள். லூக்கா கண்ணால் கண்டதை எழுதினார். நாம்தாம் அப்படிப்பட்ட கப்பலைப் பார்த்ததில்லை.

1986-இல் 'கிரீனியா 2' பெரிய கப்பலொன்றில் ஏற்றப்பட்டு, சுதந்திர தேவி சிலையின் நூற்றாண்டு விழாவுக்காக நியூயார்க் சென்று திரும்பியது. அது காட்சிக்காக. மெய்யான சோதனை அவ்வாண்டின் பிற்பகுதியில் வந்தது. பிரேயு துறைமுகத்திலிருந்து தீவு தீவாகப் பாய்விரித்துச் சென்று சீப்புருவின் பாப்போவை அடைந்தது. பர்னபாவும் சவுலும் அதிபதியாகிய செர்கியுபவுலைக் கண்ட அதே பாப்போ. 1987-இல் திரும்பிய வழியில் கடும் புயலையும் தாங்கியது. சேர்க்கப்பட்ட அந்தக் கழுந்துகள் பிரியவில்லை.

ஆனாலும் அதன் பெயரைத் தாங்கிய ஊருக்கு அது போகவில்லை. தீவின் குறுக்கே கோடு இருந்தது. 2003-இல் கடவைகள் திறக்கப்பட்ட பின்பே, தெற்கே இருந்தவர்கள் கிரீனியாக் கோட்டைக்குள் சென்று மூலக்கப்பலைக் காண முடிந்தது. மறுபடிவம் தெற்கே, அயியா நாப்பாவில் உள்ள அருங்காட்சியகத்தில் நிற்கிறது. சீப்புருவின் 10, 20, 50 சென்ட் நாணயங்களில் இக்கப்பலின் உருவமே பொறிக்கப்பட்டிருக்கிறது. அங்கிருந்து வந்த சகோதரர் ஒருவர் கொடுத்த 20 சென்ட் நாணயம் என் மேசைமேல் இருக்கிறது. வருகிற வகுப்பில் அதை அந்த வாலிபனின் கையில் கொடுக்கப்போகிறேன்.