பக்கவாத உறைகட்டியில் வெள்ளணுக்கள்: ஒரு சித்தாந்தத்தின் வரலாறு

மூளைத் தமனியை அடைத்துப் பக்கவாதத்தை விளைவிக்கும் உறைகட்டியில் இரத்த வெள்ளணுக்களுக்குப் பங்கு உண்டா என்னும் வினா புதியதன்று. பெயர்ந்து செல்லும் உறைகட்டி தொலைவிலுள்ள நாளத்தை அடைக்கக்கூடும் என்று நிறுவிய ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் விர்கோ, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அக்கட்டிகளுக்குள் வெள்ளணுக்கள் திரண்டிருப்பதைக் கண்டு எழுதினார். அவருக்குப் பின் தோர்பாத் நகரத்து அலெக்சாண்டர் ஷ்மித், இரத்தத்தை உறையச் செய்யும் நொதியே சிதையும் வெள்ளணுக்களிலிருந்து பிறக்கிறது என்று வாதித்து, அவ்வணுக்களுக்கு முதலிடத்தையே அளித்துவிட்டார்.

அந்த இடம் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1882-இல் இத்தாலியின் தூரின் நகரத்தில் ஜூலியோ பிட்சோசெரோ, உயிருள்ள பிராணிகளின் குடல்தாங்கிச் சவ்விலுள்ள நுண்ணிய நாளங்களை உருப்பெருக்கியின்கீழ் வைத்து நோக்கி, காயமுற்ற சுவரில் முதலில் வந்து ஒட்டுபவை தட்டணுக்களே என்று பிரத்தியட்சமாகக் காட்டினார். 1905-இல் மொராவிட்சும், 1964-இல் மக்ஃபர்லேன் முதலியோரும் உறைதலை இரசாயனக் காரணிகளின் தொடர்வினையாக வகுத்தபின், வெள்ளணுக்கள் நோய்க்கிருமிகளோடு போரிடுபவை மட்டுமே என்ற அபிப்பிராயம் வலுப்பெற்றது. பிட்சோசெரோ கண்டது மெய். ஆனால் அதனை முழுமெய்யாகக் கொண்ட பிற்காலத்தவரின் அவசரம், ஒரு நூற்றாண்டுக் காலம் இத்துறையின் பார்வையைக் குறுக்கியது என்பதே என் துணிபு.

1991-இல் டெல் சோப்போ குழுவினர், பபூன் குரங்குகளில் மூளைத் தமனியை அடைத்துத் திறந்தபோது, பெருநாளம் திறந்த பின்னும் தந்துகிகளை வெள்ளணுக்கள் அடைத்துநின்றதைக் கண்டனர். இதனால் எழுந்த நம்பிக்கையில், வெள்ளணுக்கள் நாளச்சுவரில் ஒட்டாதிருக்கச் செய்யும் எலிகளின் எதிர்ப்புப் புரதம் ஒன்று நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. 2001-இல் வெளிவந்த முடிவோ, அதனைப் பெற்றவர் பெறாதவரினும் நலிவுற்றனர் என்பதாக இருந்தது.

திருப்பம் வேறொரு திசையிலிருந்து வந்தது. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணு தன் கருவிலுள்ள டிஎன்ஏ இழைகளை வெளியே வலையாக விரித்துக் கிருமிகளைப் பிடிக்கிறது என்று 2004-இல் பெர்லினில் பிரிங்க்மனும் ஸிக்லின்ஸ்கியும் வெளியிட்டனர். அவ்வலையே தட்டணுக்களுக்கும் சிவப்பணுக்களுக்கும் சாரமாகி உறைகட்டியை வளர்க்கிறது என்று 2010-இல் பாஸ்டனில் வாக்னர் குழுவினர் நிரூபித்தனர். அதுவரை மனிதரின் பக்கவாதக் கட்டி பெரும்பாலும் பிரேதப் பரிசோதனையில் மட்டுமே கிட்டியது. 2015-இல் வெளியான சோதனைகளுக்குப் பின், கட்டியைக் குழாய்வழி இழுத்தெடுக்கும் சிகிச்சை பரவி, உயிரோடிருப்பவரின் கட்டி ஆராய்ச்சியாளரின் கைக்கு வந்தது. 2017-இல் பெல்ஜியத்தில் 68 கட்டிகளைச் சோதித்தவர்கள், அவற்றில் நியூட்ரோஃபில் வலைகள் இருப்பதையும், பழங்கட்டிகளில் அவை மிகுந்திருப்பதையும் கண்டனர்.

இதில் சிகிச்சைக்குரிய செய்தி ஒன்று அடங்கியிருக்கிறது. 1995 முதல் பக்கவாதத்தில் பயன் நிறுவப்பட்ட டி.பி.ஏ. மருந்து, பிளாஸ்மின் என்னும் நொதியை எழுப்பி ஃபைப்ரின் இழையைக் கரைக்குமே யன்றி டிஎன்ஏ இழையைக் கரைக்காது. 2018-இல் பாரிஸ் ஆய்வாளர்கள், வெளியே எடுத்த கட்டிகளில் இம்மருந்தோடு டிஎன்ஏவைச் சிதைக்கும் நொதியையும் சேர்த்தபோது, கட்டி விரைந்து கரைந்தது. எனினும் சோதனைக்குழாயில் கரைந்தது நோயாளியின் நாளத்திலும் தீங்கின்றிக் கரையும் என்று இப்போதே கொள்ளுதல் தகாது. 2001-இன் தோல்வி அதற்குச் சாட்சி. ஆகவே மருத்துவமனைகள், தாம் இழுத்தெடுக்கும் கட்டிகளைக் கழிவென்று எறிந்துவிடாமல், நோயாளியின் சம்மதம் பெற்று ஆராய்ச்சிக்கெனப் பாதுகாத்துவர வேண்டும்.