கூரையில்லாக் கடைகள்

காவிரிப்பூம்பட்டினத்தில் மருவூர்ப்பாக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடையே, சோலை மரங்களையே கடைக்கால்களாகக் கொண்டு நாளங்காடி நடந்ததைச் சிலப்பதிகாரத்தில் காண்கிறோம். மதுரையின் பகற்சந்தையையும் இரவுச் சந்தையையும் மதுரைக்காஞ்சி விரித்துரைக்கிறது. வாங்குவதில் மிகையும் விற்பதில் குறையும் இல்லாத வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகிறது.

திறந்தவெளி வணிகத்தின் ஏற்றத்தாழ்வு இன்றும் மாறவில்லை. காலையில் நல்ல விலை பெற்ற கீரை அந்தியில் பாதி விலைக்கும் போகாது. ஒரு மழை கைம்முதலையே கரைத்துவிடும். இவற்றினும் கொடியது, கடை விரித்த இடம் பறிபோவது. தெருவோர வணிகம் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட அடிப்படை உரிமையே என 1989இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. எனினும், குறித்த ஓர் இடத்தை நிலையாகக் கொள்ளும் உரிமையை ஏற்கவில்லை. 2014ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டமே விற்பனைச் சான்றிதழையும், அப்புறப்படுத்துமுன் 30 நாள் அறிவிப்பையும், நகர விற்பனைக் குழுவில் வணிகர்க்கு 40 விழுக்காட்டிற்குக் குறையாத இடத்தையும் வகுத்தது.

பிழைப்பு நாடி ஊர் பெயர்ந்து வந்த நாம், காலூன்ற ஓரிடம் கிடைப்பதன் அருமையை அறிவோம். ஆதலின், நடைபாதையில் கறிவேப்பிலையும் மல்லிகையும் விற்பவரிடம் பேரம் பேசுகையில், முன்னோர் வணிகரிடம் போற்றிய நேர்மையை வாங்குவோராகிய நாமும் மேற்கொள்ளல் வேண்டும்.