கைக்கடிகாரம் இன்னும் வேண்டுமா?

நரிக்குடி ரயில் நிலையத்தில் யாரிடமேனும் மணி கேட்டுப் பாருங்கள். செல்போனை எடுத்துப் பார்த்தே சொல்வார். அப்படியானால் கைக்கடிகாரம் எதற்கு? அதன் வரலாற்றைச் சற்றுப் புரட்டுவோம்.

பெங்களூரில் எச்.எம்.டி. நிறுவனம், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையுடன் 1961-இல் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. அவை சாவி கொடுக்கும் கடிகாரங்கள். சுருள்வில்லின் விசையால் பல்சக்கரங்கள் சுழலும். எண்ணெய் உலர்ந்தாலும் தூசி புகுந்தாலும் நேரம் பிசகும்.

1969-இல் ஜப்பானின் சீக்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இன்றைய குவார்ட்ஸ் கடிகாரத்தில், பேட்டரியின் மின்சாரத்தால் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண்ணை 15 முறை பாதியாக்குங்கள்; 1 கிடைக்கும். அதுவே வினாடி முள்ளின் ஓர் அடி! மாதத்துக்குச் சுமார் 15 வினாடியே பிசகும்.

டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் 1984-இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம், ஓசூரில் குவார்ட்ஸ் கடிகாரங்களைப் பெருமளவில் செய்தது. எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு 2016-இல் முடிவு செய்தது.

செல்போனோ நெட்வொர்க்கைக் கொண்டு தானே நேரத்தைத் திருத்திக்கொள்ளும். ஆனால் சார்ஜ் தீர்ந்தால் அது ஊமை. பொதுத்தேர்வு அறைக்குள் அதற்கு இடமில்லை. மிளகாய்த் தோட்டத்தில் மண் படிந்த கையால் அதை எடுக்கவும் மனம் வராது.

ஆகவே கடிகாரம் வாங்கும்போது பளபளப்பைப் பாராதீர்கள். தெளிவான எண்கள், தூசியும் நீரும் புகாத மூடி, வியர்வையைத் தாங்கும் ரப்பர் வார், பக்கத்துக் கடையில் கிடைக்கும் பேட்டரி: இந்த நான்கும் இருந்தால் போதும். நம் கரிசல் காட்டு வாழ்வுக்கு அதுவே ஏற்ற கடிகாரம்.